பெரிய டர்போவா, சரியான டர்போவா?

இரவு 11 மணிக்கு மேல் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே மனசு பதறும். போன மாதம் எனக்கு அப்படி ஒரு போன் வந்தது. பேசியது என் மனைவியின் தம்பி.

"மாமா, வண்டி குன்னூர் மலையில நின்னு போச்சுங்க. கல்லாறு தாண்டி, பர்லியாறுக்கு முன்னால. அக்காகிட்ட இப்ப சொல்லிடாதீங்க."

அவனுக்கு மேட்டுப்பாளையம். சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறான். சாயங்காலம் மளிகைச் சாமானும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு குன்னூர் போவான். அங்கே இறக்கிவிட்டு கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்துவிடுவான். வாரத்தில் ஆறு நாளும் இதே ஓட்டம்தான். வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது.

அன்றைக்கு வண்டியில் அவன் மனைவியும் இருந்தாள், குன்னூரில் அம்மா வீட்டுக்குப் போவதற்காக. இருட்டு, ஏற்றம், பின்னால் வரிசையாக வண்டிகள். அது யானை நடமாடும் இடம் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன மாப்ள ஆச்சு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னான்: "டர்போ மாத்தினேன்ல மாமா... அதுதானுங்க."

பாதி விலை, ரெட்டை இழுவை

நடந்தது இதுதான். அவன் வண்டியின் டர்போவில் இரண்டு மாதமாக ஊளைச் சத்தம். இழுவையும் குறைந்திருந்தது. புதுசு விலை கேட்டான், தலை சுற்றியது. பழைய சாமான் கடையில் ஒருவர் யோசனை சொன்னார்: "பெரிய லாரியில இருந்து கழட்டினது ஒண்ணு இருக்கு. லேத்ல ஒரு பிளேட் போட்டா உன் வண்டிக்கு உக்காந்துக்கும். பாதி விலை, ரெட்டை இழுவை!"

மாட்டிவிட்டான். முதல் நாள் கோவை ரோட்டில் காலி வண்டியை விரட்டிப் பார்த்தபோது, கடைசியில் ஒரு தள்ளு தள்ளியதாம். சந்தோஷமாகப் போன் பண்ணி, "பறக்குது மாமா!" என்றான். நானும் வாழ்த்துச் சொன்னேன். அப்போதே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது என் தப்பு.

லோடோடு மலை ஏறிய முதல் நாளே வேஷம் கலைந்தது. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து என்ஜின் 1,200 சுற்றுக்கு இறங்கியது. ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தும் வண்டி ஏறவில்லை. கறுப்புப் புகைதான் கொட்டியது. முதல் கியருக்கு மாற்றுவதற்குள் வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்து ஏற்றப் பார்த்தான். கிளட்ச் பிளேட் கருகிப்போனது. பின்னால் வந்த லாரியின் கிளீனர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டார். அவர் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பெரிய டர்போ போட்டால் பெரிய இழுவைதானே வர வேண்டும்? ஏன் வரவில்லை? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஊதாங்குழல் கணக்கு

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்து நிறுத்திய பட்டறையில் ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். முப்பது வருஷமாக மலை வண்டிகளைப் பார்க்கிறவர். பானட்டைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, உங்க பாட்டி விறகு அடுப்பு ஊதிப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேனுங்க."

"ஊதாங்குழல் எவ்வளவு பருமன் இருக்கும்? விரல் கனம். அதுல ஊதினாத்தான் காத்து வேகமாப் போயி நெருப்பைக் கிளப்பும். அதுக்குப் பதிலா நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்புல ஊதினா? மூச்சுதான் வாங்கும், நெருப்பு அசையாது. கொல்லன் துருத்தியா இருந்தா அந்த நாலு இஞ்ச் பைப்பையும் நிரப்பும். உங்க வண்டி பாட்டி மூச்சு. நீங்க மாட்டினது துருத்திக்குச் செஞ்ச பைப்பு."

இதைவிடச் சுலபமாக டர்போவை விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

டர்போவில் ஒரே தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு விசிறிச் சக்கரங்கள் இருக்கும். என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் இருப்பதால் அடுத்த சக்கரமும் சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் இருந்தால் அதிக டீசலை முழுமையாக எரிக்கலாம். அந்த எரிப்பில்தான் இழுவை வருகிறது.

இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்த வேகத்தை எட்டினால்தான் காற்று அழுத்தப்படும். பெரிய சக்கரத்தைச் சுழற்றப் புகையும் நிறைய வேண்டும். சின்ன என்ஜின் குறைந்த சுற்றில் ஓடும்போது அவ்வளவு புகை வராது. சக்கரம் சும்மா சோம்பலாகச் சுற்றும். மிதித்த மிதிக்குப் பழைய பம்ப் டீசலை மட்டும் ஊற்றும். டீசல் உண்டு, காற்று இல்லை. அதுதான் அந்தக் கறுப்புப் புகை.

ஒரு சின்னக் கணக்கு

பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் போடக்கூடிய கணக்குதான் இது. நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும்.

மச்சினன் வண்டி 2.5 லிட்டர் என்ஜின். மலையில் அது 1,500 சுற்றில் ஓடும்போது, நிமிடத்துக்கு 750 முறை 2.5 லிட்டர். ஏறக்குறைய 1,875 லிட்டர் காற்று.

அந்த டர்போ வந்தது 5.7 லிட்டர் லாரி என்ஜினிலிருந்து. அதே 1,500 சுற்றில் அந்த லாரி இழுப்பது 750 முறை 5.7 லிட்டர். ஏறக்குறைய 4,275 லிட்டர்.

அதாவது லாரி 1,500 சுற்றில் கொடுக்கிற அதே மூச்சைக் கொடுக்க, பிக்கப் 3,400 சுற்றுக்கு மேல் கத்த வேண்டும். அந்த பிக்கப்பின் முழு வேகமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். லோடோடு மலை ஏறுகிறவன் அந்தச் சுற்றை எப்போது தொடப்போகிறான்? காலி வண்டியைக் கோவை ரோட்டில் விரட்டியபோது கடைசியில் கிடைத்த அந்தத் தள்ளு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறதா?

ஓட்டத்தின் காற்றழுத்தம், சூடு எல்லாம் சேர்த்தால் கணக்கு இன்னும் நுணுக்கமாகும். ஆனால் முடிவு மாறாது. வண்டி தினமும் எந்தச் சுற்றில் ஓடுகிறதோ, அந்தச் சுற்றில் விழித்துக்கொள்ளும் டர்போதான் அந்த வண்டிக்குச் சரியான டர்போ.

அப்படியென்றால் சின்னதே நல்லதா?

அவசரப்படாதீர்கள். நாலு இஞ்ச் பைப் தப்பு என்பதற்காக, கூல்டிரிங்ஸ் ஸ்ட்ராவில் அடுப்பு ஊத முடியுமா?

டர்போ ரொம்பச் சின்னதாக இருந்தால் கீழ்ச் சுற்றில் சட்டென்று விழித்துக்கொள்ளும். ஆனால் பைபாஸில் சுற்று ஏற ஏற, வெளியேற வேண்டிய புகைக்கு வழி போதாது. புகை முட்டிக்கொண்டு என்ஜினையே பின்னுக்குத் தள்ளும். சூடு ஏறும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். சக்கரம் தன் எல்லையைத் தாண்டிச் சுழன்று, தண்டும் பேரிங்கும் போய்விடும்.

மலை வண்டிக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ அங்கே இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஏற்கெனவே திணறுகிற சின்ன டர்போ அங்கேதான் உயிரை விடும்.

உயரத்துக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு பழைய கதை. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான என்ஜினை லாரியில் ஏற்றி, சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். தரையில் 350 குதிரைத்திறன் கொடுத்த அந்த என்ஜின், உச்சியில் 230 வரை இறங்கியது. டர்போவை இணைத்ததும் தரையில் கொடுத்த பலத்தை அங்கேயே திரும்பக் கொடுத்தது. மெல்லிய காற்றில் மூச்சு வாங்கும் என்ஜினுக்கு டர்போதான் துணை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

டர்போ மேல் உள்ள எண்கள்

கடையில் போய் நின்றால் சில வார்த்தைகள் காதில் விழும். பயப்பட வேண்டாம்.

ஏ/ஆர்: டர்போவின் நத்தைக்கூடு போன்ற உறையில் 0.49, 0.63, 0.82 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறிப் பாயும் அல்லவா? புகை உறையில் எண் குறைவாக இருந்தால் அப்படித்தான், புகை சீறிச் சக்கரத்தைச் சீக்கிரம் சுழற்றும். எண் அதிகமென்றால் விரலை எடுத்த மாதிரி. அளவு நிறையப் போகும், சீற்றம் இருக்காது. ஒரே மாதிரி டர்போக்களுக்குள் ஒப்பிடத்தான் இந்த எண். வேறு வேறு குடும்பத்து டர்போக்களை இதை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது.

வேஸ்ட்கேட்: குக்கரில் அழுத்தம் கூடினால் வெயிட் தூக்கிக்கொண்டு ஆவியை விடுகிறது. அதுபோல அழுத்தம் போதும் என்றதும் ஒரு சின்னக் கதவு திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தில் படாமல் திருப்பி விடும். இதனால்தான் கீழ்ச் சுற்றில் சீக்கிரம் விழிக்கும் சின்ன டர்போவை மேல் சுற்றிலும் காப்பாற்ற முடிகிறது.

வி.ஜி.டி.: புது வண்டிகள் பலவற்றில் இதுதான். ஜன்னல் ஷட்டர் பட்டைகள் போல உள்ளே சின்னச் சின்ன இதழ்கள் இருக்கும். சுற்று குறைந்தால் மூடி, கூடினால் திறக்கும். விரலை அழுத்தவும் எடுக்கவும் தானாகத் தெரிந்த ஓஸ் பைப். இதைக் கம்ப்யூட்டர் இயக்குவதால் வேறு மாடல் டர்போவை மாட்டி ஏமாற்ற முடியாது.

உண்மையில் கெட்டது எது?

கதையில் எனக்கு வயிறு எரிந்த இடம் இதுதான். மெக்கானிக் பெரியவர் பழைய டர்போவைக் கொண்டுவரச் சொன்னார். நல்லவேளை, மச்சினன் அதை எடைக்குப் போடவில்லை. தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். பேரிங்கில் தேய்மானம் இருந்தது, ஆனால் சக்கரங்கள் இரண்டும் முழுசாக இருந்தன. அப்புறம் வண்டிக்கடியில் குனிந்து இன்டர்கூலர் ஓஸைத் தடவினார். கிளிப்புக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

"இதுதான் தம்பி உங்க வியாதி. அழுத்தின காத்து இங்க வெளிய போகுது. அதை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுத்தியிருக்கு. அதான் ஊளை. அதான் இழுவை இல்லை."

புது ஓஸ் விலை, லேத் பட்டறைக்குக் கொடுத்த கூலியைவிடக் குறைவு. டர்போவுக்குள் உள்ள தண்டும் பேரிங்கும் சேர்ந்த பகுதியை மட்டும் மாற்றினார்கள், கடைக்காரர்கள் 'கோர்' என்பார்கள். அதே பார்ட் நம்பர் கோர். பேலன்ஸ் மிஷினில் போட்டு எடுத்தது. கிளட்ச் பிளேட், இழுத்து வந்த வாடகை, மூன்று நாள் ஓடாத நஷ்டம் எல்லாம் அந்தப் பாதி விலை டர்போவின் கணக்கில்தான் சேரும். அந்த மாதத் தவணைக்கு அவன் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அதை அவனே சொல்லவில்லை. என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

பிக்கப், மினி லாரி, சரக்கு வேன் எது வைத்திருந்தாலும், டர்போவில் கைவைக்கும் முன் இந்த ஐந்தையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. என் வண்டி தினமும் எந்தச் சுற்றில் ஓடுகிறது? ஒரு வாரம் மீட்டரைக் கவனியுங்கள். லோடு வண்டிகள் பெரும்பாலும் 1,500 முதல் 2,500-க்குள்தான் ஓடும். அந்த எல்லையின் தொடக்கத்திலேயே அழுத்தம் ஏறிவிட வேண்டும்.

2. எவ்வளவு லோடு, எந்த ரோடு? சமவெளியில் பைபாஸ் ஓட்டுகிறவருக்கும் மலை ஏறுகிறவருக்கும் தேவை ஒன்றல்ல. வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் காலி ரோட்டை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

3. கூடுதல் காற்றுக்கு ஏற்ற டீசல் என் என்ஜினில் போகிறதா? டர்போ காற்றை மட்டும்தான் தரும். டீசல் அளவு மாறாமல் வெறும் காற்றைக் கூட்டினால் பலம் பெரிதாகக் கூடாது. டீசலையும் கூட்டினால் சூடும் சேர்ந்து கூடும். பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அதைத் தாங்க வேண்டும்.

4. பார்ட் நம்பர் ஒன்றுதானா? டர்போ உறையில் சின்னத் தகடு இருக்கும். பழையதில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 'இதுவும் உக்காரும்' என்ற பதிலை ஏற்காதீர்கள். போல்ட் உட்காருவதும் டர்போ பொருந்துவதும் வேறு வேறு.

5. பழையது ஏன் கெட்டது? ஓஸ் கிழிசல், அடைத்த ஏர் ஃபில்டர், ஆயில் வரும் குழாயிலோ திரும்பும் குழாயிலோ அடைப்பு, நாள்பட்ட ஆயில்... இவற்றைச் சரிசெய்யாமல் புதுசு மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

சட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கறுப்புப் புகை விடும் வண்டி எஃப்.சி.க்குப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைக் கேட்பார்கள்.

இரண்டு பழக்கம் போதும்

சரியான டர்போ கிடைத்த பிறகு அது நீண்ட நாள் உழைக்க இரண்டு பழக்கம் வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் விரட்டாதீர்கள். ஆயில் டர்போவை எட்டக் கொஞ்ச நேரம் கொடுங்கள், தண்டு சுழல்வது அந்த ஆயில் படலத்தின் மேல்தான். அதேபோல லோடோடு மலை ஏறி நின்றதும் சாவியை உடனே திருப்பாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பழுக்கக் காய்ந்த டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால், உள்ளே இருக்கும் ஆயில் கருகிக் கரியாகப் படியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். "வாங்க மாமா, ஒரு ரவுண்டு போலாம்" என்று கல்லாறு வரை அழைத்துப்போனான். வளைவில் இரண்டாவது கியர், 1,400 சுற்று. மிதித்ததும் மெல்லிய விசில் சத்தத்தோடு வண்டி ஏறியது.

"பறக்குதா மாப்ள?" என்று வம்புக்குக் கேட்டேன்.

"பறக்க வேண்டாமுங்க மாமா. ஏறினாப் போதும்."

பெட்டியைத் திறந்து கேட்லைட்டரோ பாட்டோ எதையோ தேடினான். உள்ளே சீட்டுக்கடியில் புதுசாக இரண்டு மரக்கட்டைகள் இருந்தன. சக்கரத்துக்குப் போட. அவன் மனைவி வாங்கி வைத்ததாம்.

*உங்கள் வண்டியில் புரியாத சத்தம், புகை, செலவு ஏதாவது உண்டா? வண்டி மாடல், ஓடிய கிலோமீட்டர், தினசரி ஓட்டம் மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த வாரம்: டயர் காற்று, லோடு ஏற்றும்போது எவ்வளவு?*